தொட்டியில் புதிய நத்தையா? கம்ப்யூட்டர் துணையுடன் அடையாளம் காணலாம்

கடல் நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒரு நாள் இந்த அனுபவம் நேரும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியைப் பார்ப்பார்கள். விலை கொடுத்து வாங்காத ஒரு நத்தை கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். மறுநாள் இரவு பார்த்தால் அதே போல ஐந்து இருக்கும். தொட்டியில் வைக்கும் பாறைகளின் துளைகளிலும், பவளத் துண்டுகளின் அடியிலும், மணலிலும் முட்டையாகவோ குஞ்சாகவோ ஒட்டிக்கொண்டு வந்தவை இவை.

இது என்ன நத்தை? நல்லதா, கெட்டதா? விடை தேட உங்கள் மொபைல் போனும் வீட்டுக் கம்ப்யூட்டரும் போதும். தேடும் வழியில் போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது, பைல்களுக்கு ஒழுங்காகப் பெயரிடுவது, பெயிண்ட் புரோகிராமில் அளவெடுப்பது, இணையத்தில் கிடைத்த விடையைச் சரிபார்ப்பது ஆகியவற்றையும் கற்றுக்கொள்ளலாம். மீன் தொட்டி இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். தோட்டத்துப் பூச்சிக்கும் மாடியில் முளைத்த செடிக்கும் இதே முறைதான்.

பெயர் ஏன் முக்கியம்?

தொட்டிக்கு வரும் நத்தைகளில் பெரும்பாலானவை பாசியையும் மிச்சம் மீதியையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. சில வகைகள் மட்டும் தீங்கு செய்யும். சிக்கல் என்னவென்றால், இரண்டு வகையிலும் அரிசி மணி அளவில் வெள்ளையாக இருப்பவை உண்டு. பயந்துபோய் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தால், இலவசமாக வந்த துப்புரவுப் படையை இழக்கிறீர்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், ஆசையாக வளர்த்த சிப்பி சில வாரங்களில் செத்துப்போகலாம்.

மூன்றாவதாக ஓர் ஆபத்தும் உண்டு. அது தொட்டிக்கு அல்ல, உங்கள் கைக்கு. எனவே கேமராவை எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுவோம்.

முதல் விதி: வெறுங்கையால் தொடாதீர்கள்

கூம்புச் சங்கு எனப்படும் கோனஸ் இனத்து நத்தைகள் விஷம் உள்ளவை. ஈட்டி போன்ற ஒரு பல்லைச் செலுத்தி இரையைக் கொல்பவை. இவற்றில் கோனஸ் ஜியோகிராபஸ் என்ற வகை கொட்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இதற்கு விஷமுறிவு மருந்து இல்லை. கொட்டியவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; விஷத்தின் வேகம் குறையும் வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதே அங்கு செய்யப்படும் முக்கிய சிகிச்சை. (இன்னொரு வகையான கோனஸ் மேகஸின் விஷத்தை ஆராய்ந்து உருவாக்கிய ஸிக்கோனோடைட் என்ற வலி நிவாரணி 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விஷத்திலும் மருந்து உண்டு. ஆனால் அது நம் தொட்டிக்கு வெளியே நடக்கும் வேலை.)

கோன் நத்தைகள் பாறையுடன் ஒட்டி வருவது அபூர்வம். அதில் பெரும்பாலானவை புழுக்களையே தின்பவை. ஆனாலும் அடையாளம் தெரியாதவரை எல்லாவற்றையும் சந்தேகத்துடன் பார்ப்பதே நல்லது. ஓட்டின் அகன்ற பகுதியைப் பிடித்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அதன் குழல் நீண்டு வளைந்து பின்பக்கம் வரை வரக்கூடியது. மெல்லிய கையுறையும் தடுக்காது. நீளமான பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து, தொட்டி நீர் ஊற்றிய வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள்.

எடுக்க வேண்டிய ஐந்து படங்கள்

இணையத்தில் நத்தைப் படத்தைப் போட்டு "இது என்ன?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படத்தைத்தான் போடுகிறார்கள். அதுவும் நீல விளக்கின் ஒளியில், மங்கலாக, ஓட்டின் முதுகு மட்டும் தெரியும்படி. அதை வைத்து நிபுணராலும் சொல்ல முடியாது. கீழே உள்ள ஐந்தையும் எடுத்துவிடுங்கள்.

1. பக்கவாட்டுப் படம். ஓட்டின் கூர்நுனி மேலே இருக்க வேண்டும். வடிவம் தெரிவதற்கு.

2. ஓட்டின் வாய். நத்தை உடலை நீட்டும் திறப்பைத்தான் வாய் என்கிறோம். அடையாளம் காண்பதில் பாதி வேலை இந்தப் படத்திலேயே முடிந்துவிடும். நத்தையைக் கிண்ணத்தில் மல்லாத்தி வைத்து எடுக்கலாம்.

3. மூடி. நத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது வாயை அடைக்கும் கதவு இது. பல வகைகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

4. உயிருடன் ஊரும் நிலை. உணர்கொம்பு, கண், முன்னால் நீளும் குழல் ஆகியவை தெரிய வேண்டும். கண்ணாடியில் ஊரும்போது வெளியிலிருந்து எடுப்பது எளிது.

5. கண்ட இடம். எந்தப் பாறை, எந்தப் பவளம், மணலா, கண்ணாடியா என்பது தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று ஒரு படம்.

போட்டோ தெளிவாக வர சில குறிப்புகள். பம்ப்பைச் சில நிமிடங்கள் நிறுத்துங்கள். கண்ணாடியின் இருபுறமும் துடையுங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கை மட்டும் எரிய விடுங்கள். பிளாஷ் வேண்டாம், அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும். டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். போனைச் சாய்க்காமல் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். இரவில் பார்க்கும்போது டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றினால் நத்தைகள் ஓடி ஒளிவது குறையும்.

முக்கியமாக, கிண்ணத்தின் அடியிலோ நத்தைக்குப் பக்கத்திலோ ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வையுங்கள். அதன் பயன் பின்னால் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவோம்

போனை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். ஆண்ட்ராய்ட் போன் என்றால், திரையில் வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தட்டி, பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது கம்ப்யூட்டரில் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் இடது பக்கம் உங்கள் போனின் பெயர் தெரியும். அதற்குள் டிசிஐஎம் என்ற போல்டரும், அதற்குள் கேமரா என்ற போல்டரும் இருக்கும். வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பிக்சர்ஸ் போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் படங்கள் ஹெச்இஐசி என்ற பார்மட்டில் பதிவாவதால், சில கம்ப்யூட்டர்களில் திறக்காமல் போகலாம். போனின் செட்டிங்ஸில் கேமரா, பிறகு பார்மட்ஸ் சென்று, மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதன் பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகப் பதிவாகும்.

அடுத்தது பெயரிடுவது. போன் தரும் பெயர்களில் எண்கள் மட்டுமே இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எது என்னவென்று புரியாது. ஒவ்வொரு நத்தைக்கும் தனி போல்டர் உருவாக்குங்கள். போல்டர் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2026-01-09 நத்தை அ, 2026-01-15 நத்தை ஆ என்பது போல. நாளை முதலில் எழுதினால் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும்போது ஜனவரியும் மார்ச்சும் கலந்துவிடும். ஆண்டை முதலில் எழுதினால் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

பல பைல்களுக்கு ஒரே நேரத்தில் பெயரிட, அனைத்தையும் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, ஒரு பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் அதே பெயரை 1, 2, 3 என்று எண்ணிட்டு எல்லாப் பைல்களுக்கும் கொடுத்துவிடும்.

படத்தை வெட்ட வேண்டுமானால் போட்டோஸ் புரோகிராமில் திறந்து எடிட் செய்யுங்கள். சேமிக்கும்போது தனிக் காப்பியாகச் சேமிக்கவும். மூலப் படத்தைத் தொடாதீர்கள். இன்று தேவையில்லை என்று வெட்டியெறியும் மூலையில்தான் நாளை தேடும் அடையாளம் இருக்கும்.

பெயிண்ட்டில் மில்லிமீட்டர் கணக்கு

"சின்ன நத்தை" என்பது அளவு அல்ல. 3 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா என்பதே பல வகைகளைப் பிரித்துக் காட்டும். ஸ்கேல் வைத்து எடுத்த படம் இருந்தால், விண்டோஸுடன் வரும் பெயிண்ட் போதும்.

படத்தைப் பெயிண்ட்டில் திறக்கவும். மேலே உள்ள செலக்ட் டூலில் கிளிக் செய்து, ஸ்கேலில் 10 மில்லிமீட்டர் நீளத்திற்கு மவுஸால் இழுத்து ஒரு கட்டம் போடுங்கள். விண்டோவின் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் அந்தக் கட்டத்தின் நீள அகலம் பிக்ஸல் கணக்கில் தெரியும். (பார் தெரியவில்லை என்றால் வியூ மெனுவில் அதை டிக் செய்யுங்கள்.) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது நத்தையின் நுனியிலிருந்து அடி வரை அதே போல ஒரு கட்டம் போட்டு, அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, 10 மில்லிமீட்டருக்கு 180 பிக்ஸல், நத்தைக்கு 81 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். 81ஐ 180 ஆல் வகுத்து 10 ஆல் பெருக்கினால் 4.5. நத்தையின் நீளம் 4.5 மில்லிமீட்டர். நத்தையும் ஸ்கேலும் படத்தில் சாய்ந்திருந்தால் கணக்கு தவறும். அதனால் எடுக்கும்போதே நேராக வைத்து எடுங்கள். இரண்டையும் ஒரே படத்தில்தான் அளக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

தேடுவதற்கு முன் அட்டவணை

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். படம் கிடைத்தவுடன் இணையத்தில் போட்டுப் பெயரைத் தேடுகிறார்கள். ஒரு பெயரைப் பார்த்துவிட்ட பிறகு நத்தையைப் பார்த்தால், இல்லாத அடையாளமும் இருப்பது போலத் தெரியும். சாப்ட்வேர் எழுதுபவர்கள் ஒரு பிழையைத் தேடும்போது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்பதை முதலில் எழுதிக்கொள்வார்கள். காரணத்தை அதன் பிறகே யோசிப்பார்கள். நத்தைக்கும் அதே வழிதான்.

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு புதிய ஷீட் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை இடுங்கள்: தேதி, நேரம், நீளம், ஓட்டின் வடிவம், வாய், மூடி, கண்ட இடம், செய்துகொண்டிருந்தது, எண்ணிக்கை. கடைசியில் "பெயர்" என்று ஒரு நெடுவரிசை வைத்துக் காலியாக விடுங்கள். ஒரு வாரம் இரவில் பார்த்து நிரப்புங்கள். பல நேரம் நத்தையின் முகத்தைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம் அதிக உண்மை சொல்லும்.

வாய், மூடி, சுழற்சி

வாய் நெடுவரிசையில் என்ன எழுதுவது? வாயின் விளிம்பு வட்டமாகவோ முட்டை வடிவிலோ முழுமையாக இருக்கிறதா, அல்லது ஒரு முனையில் வெட்டுப் பள்ளமோ நீண்ட கால்வாயோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கால்வாய் வழியாகத்தான் நத்தை தன் குழலை நீட்டி நீரை மோப்பம் பிடிக்கும். வெட்டு உள்ளவற்றில் பெரும்பாலானவை இறைச்சி தின்பவை. முழு வட்ட வாய் உள்ளவற்றில் பெரும்பாலானவை பாசி மேய்பவை. இது சட்டம் அல்ல, முதல் துப்பு. செரித் நத்தைக்கு வெட்டு உண்டு, ஆனால் பாசி தின்னும். பிரமிடெல்லிட் நத்தைக்கு வெட்டு இல்லை, ஆனால் அது ஒட்டுண்ணி.

மூடி நெடுவரிசையில், அது சுண்ணாம்பு போல வெள்ளையாகத் தடிப்பாக இருக்கிறதா, நகம் போலப் பழுப்பாக மெல்லியதாக இருக்கிறதா என்று எழுதுங்கள். கடைகளில் டர்போ, ட்ரோகஸ் என்று மாற்றி மாற்றிச் சொல்லி விற்கப்படும் இரண்டு நத்தைகளை இந்த ஒரு அடையாளத்தால் பிரித்துவிடலாம். டர்போவுக்குச் சுண்ணாம்பு மூடி. ட்ரோகஸுக்கு நகம் போன்ற மூடி.

சுழற்சியில் நம்மவர்களுக்கென்றே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. கூர்நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், பெரும்பாலான நத்தைகளின் வாய் வலது பக்கம் இருக்கும். உயிரியல் நூல்கள் இதை வலச்சுழி என்கின்றன. நம் ஊர் வழக்கில் சாதாரணச் சங்கு இடம்புரி, அபூர்வமானது வலம்புரி. சங்கை நாம் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதால் வந்த வித்தியாசம் இது. நம் வலம்புரிச் சங்கு, நூல்களின் கணக்கில் இடச்சுழி. இணையத் தளங்களில் டெக்ஸ்ட்ரல் என்று கண்டால் வாய் வலப்பக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் வாய் இடது பக்கம் தெரிகிறதா? உடனே மகிழ வேண்டாம். சில போன்களில் செல்பி கேமராவில் எடுத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிப் பதிவாகும். பக்கத்தில் வைத்த ஸ்கேலின் எண்களைப் பாருங்கள். அவை தலைகீழ் எழுத்தாகத் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது. எண்கள் நேராக இருந்து, நத்தை மெல்லிய ஊசி போல இருந்து, வாயும் இடப்பக்கம் இருந்தால், அது ட்ரைபோரிட் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவை கடற்பஞ்சுகளைத் தின்பவை.

அடிக்கடி வரும் விருந்தாளிகள்

கொலோனிஸ்டா: சுமார் 5 மில்லிமீட்டர். உருண்டை ஓடு, வட்ட வாய். பகலில் பாறைக்கு அடியில், இரவில் பாறையிலும் கண்ணாடியிலும். டர்போவின் குஞ்சு என்று பலர் நினைப்பார்கள். தொட்டியிலேயே பெருகும். பாசி தின்னும். நல்லது.

ஸ்டோமடெல்லா: காது மடல் போலத் தட்டையான ஓடு, உடல் ஓட்டைவிடப் பெரியது. வேகமாக ஓடும். பிடித்தால் பல்லி வாலை விடுவது போலப் பாதத்தின் பின்பகுதியைக் கழற்றிவிடும். நல்லது.

செரித்: நீளமான கூம்பு, கரடுமுரடான ஓடு. மணலிலும் பாறையிலும் மேயும். நல்லது.

நசாரியஸ்: மணலுக்குள் புதைந்திருக்கும், குழல் மட்டும் வெளியே தெரியும். மீனுக்கு உணவு போட்டவுடன் மணலைப் பிளந்துகொண்டு வரும். மிச்சத்தைத் தின்பது. நல்லது.

பிரமிடெல்லிட்: சில மில்லிமீட்டர் நீளம், வெள்ளை, மெல்லிய கூம்பு. தன் நீண்ட குழலைச் செலுத்தி மற்றச் சிப்பி, நத்தைகளின் உடல் நீரை உறிஞ்சும். ட்ரைடாக்னா எனப்படும் ராட்சதச் சிப்பி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய எதிரி. இளம் செரித்தைப் போலவே தெரியும். பிரித்தறிய இடத்தைப் பாருங்கள். இரவில் சிப்பியின் ஓட்டு விளிம்பிலும் அடியிலும் கூட்டமாக இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். மேக்ரோ படத்தில் ஓட்டின் உச்சியில் உள்ள குஞ்சுப் பருவ ஓடு பக்கவாட்டில் சாய்ந்திருப்பதும் ஓர் அடையாளம். மென்மையான பிரஷ்ஷால் சிப்பியைத் துடைத்து இவற்றையும், ஜெல்லி போன்ற முட்டைகளையும் நீக்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. பல வாரங்கள் தொடர வேண்டும்.

ஹீலியாகஸ்: பழுப்பும் வெள்ளையுமாக, மணி கோத்தது போன்ற வரிகளுடன் இருக்கும் தாழ்ந்த கூம்பு. ஸோவாந்திட் எனப்படும் பொத்தான் பவளங்களைத் தின்னும். அவற்றின் இடையிலேயே ஒளிந்து வரும். இதன் மூடி திருகாணி போலக் கூம்பாகச் சுருண்டிருக்கும். மூடியைப் படமெடுத்தால் சந்தேகமே வராது. நீக்கிவிடுங்கள்.

வெர்மெடிட்: இது நத்தை என்றே பலருக்குத் தெரியாது. பாறையில் ஒட்டிய கடினமான குழாய்க்குள் இருந்தபடி, சிலந்தி போலச் சளி வலை வீசி உணவு பிடிக்கும். விசிறி போன்ற இறகுகள் குழாயிலிருந்து விரிந்தால் அது குழாய்ப் புழு. வலை மட்டும் வந்தால் வெர்மெடிட். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் நடந்து 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பெரிய வெர்மெடிட் வகை ஒன்று பவளங்களின் வளர்ச்சியை 81 சதவீதம் வரை குறைத்தது தெரிந்தது. தொட்டியில் வருபவை சிறியவை என்றாலும், பெருகினால் தொல்லைதான். குழாயை உடைத்துத் துளையைப் பசை வைத்து அடைப்பார்கள்.

கூம்புச் சங்கைப் போல ஏமாற்றுவது: கோனோமூரெக்ஸ் லுஹுவானஸ் என்ற பாசி தின்னும் நத்தை, ஓட்டின் வடிவத்தில் கோன் போலவே இருக்கும். உயிருடன் பார்த்தால் நீண்ட காம்புகளின் நுனியில் பெரிய கண்கள் இருக்கும்; வாயின் உட்புறம் சிவந்தும் ஒரு விளிம்பு கறுத்தும் இருக்கும். நான்காவது படத்தை ஏன் எடுக்கச் சொன்னோம் என்பது இப்போது புரியும். கண் தெரியாதவரை கோன் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

இப்போது இணையத்தில் தேடுங்கள்

அட்டவணை தயாராகிவிட்டதா? இனித் தேடலாம். முதலில் கூகுள் லென்ஸ். படத்தைத் தந்தவுடன் அது போன்ற படங்களைக் காட்டும். ஆனால் அது ஒத்த தோற்றத்தைத் தேடுகிறதே தவிர, மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. விற்பனைத் தளங்களில் தவறான பெயரில் உள்ள படம் கிடைத்தால் அதே தவறான பெயரையே தரும். செயற்கை நுண்ணறிவு அரட்டைப் புரோகிராம்களும் அப்படியே. தெரியாது என்று சொல்வதற்குப் பதில் ஒரு பெயரைத் தயங்காமல் சொல்லிவிடும். கிடைக்கும் பெயர்களில் முதல் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஐநேச்சுரலிஸ்ட் தளம். 2008ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மூன்று மாணவர்கள் செய்த படிப்புத் திட்டமாகத் தொடங்கியது இது. இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். அப்லோட் பக்கத்திற்குச் சென்று, ஐந்து படங்களையும் போல்டரிலிருந்து மவுஸால் இழுத்து விடுங்கள். ஒவ்வொன்றும் தனி அட்டையாக வரும். ஒரே நத்தை என்பதால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக இணைத்துவிடுங்கள். தொட்டியில் வளர்வது என்பதால் கேப்டிவ் என்ற பெட்டியில் டிக் செய்ய வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்தத் தளம் பெயர்களைப் பரிந்துரைக்கும்போது நீங்கள் தரும் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். உங்கள் தொட்டி இருப்பது சிங்கப்பூர் அடுக்குமாடியாக இருக்கலாம். பாறை வந்தது பிஜி கடலாக இருக்கலாம். அருகில் காணப்படுபவற்றை மட்டும் பார்த்தால் சரியான பெயர் பட்டியலிலேயே வராது. அருகில் இல்லாதவற்றையும் காட்டச் சொல்லுங்கள். பாறையை விற்றவரிடம் அது எந்த நாட்டுக் கடலிலிருந்து வந்தது என்று கேட்டு, அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டு முகவரி. போன் எடுக்கும் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். தளத்தில் ஜியோபிரைவசி என்ற இடத்தில் அப்ஸ்க்யூர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியான இடம் பிறருக்குத் தெரியாது. வேறு எங்காவது படத்தை அனுப்புவதாக இருந்தால், பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் சென்று, கீழே உள்ள தனிப்பட்ட விவரங்களை நீக்கும் லிங்க்கில் கிளிக் செய்து, விவரம் நீக்கிய காப்பியை உருவாக்கி அனுப்புங்கள்.

கடைசியாகப் பெயரைச் சரிபார்ப்பது. கடல் உயிரினங்களின் பெயர்ப் பதிவேடான வோர்ம்ஸ் தளத்தில் நத்தையின் அறிவியல் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். ட்ரோகஸ் நிலோடிகஸ் என்று தேடிப் பாருங்கள். அது இப்போது ஏற்கப்படாத பெயர், ஏற்கப்பட்ட பெயர் ரோக்கியா நிலோடிகா என்று வரும். இரண்டும் ஒரே நத்தைதான். பழைய கட்டுரை ஒரு பெயரும் புதிய கட்டுரை இன்னொரு பெயரும் சொன்னால் உடனே குழம்ப வேண்டாம். இங்கே வந்து பாருங்கள்.

முடிவு எடுப்பது எப்படி?

குறித்து வைத்த மூன்று பெயர்களையும் உங்கள் அட்டவணையுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வடிவம், வாய், மூடி, அளவு, இடம் ஆகிய ஐந்தில் ஒன்று திட்டவட்டமாகப் பொருந்தாவிட்டாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். எல்லாம் பொருந்தினால் மட்டும், காலியாக விட்ட நெடுவரிசையில் எழுதுங்கள். இனத்தின் முழுப் பெயர் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். பல சிறு நத்தைகளை முழுப் பெயர் வரை கொண்டுபோக நிபுணருக்கே மைக்ரோஸ்கோப் வேண்டும். வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று முடிவு செய்யக் குடும்பப் பெயர் போதும்.

சந்தேகம் தீரவில்லையா? நத்தையைக் கொல்ல வேண்டியதில்லை. ஓட்டம் உள்ள, துளையிட்ட சிறு பெட்டியில் தனியாக வைத்து, ஒரு சிறு பாசிக் கல்லைப் போட்டு, சில நாள் கவனியுங்கள். கல்லில் மேய்ந்த தடம் தெரிந்தால் பாசி தின்பது என்று அறியலாம். அதையும் அட்டவணையில் ஏற்றுங்கள்.

நீக்கிய நத்தையை எந்தக் காரணத்திற்காகவும் கடலிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். வேறு கடலைச் சேர்ந்த உயிர் இங்கே பெருகினால் திரும்பப் பிடிக்க முடியாது. அதே போல, கடற்கரையில் கிடைத்தது என்று உயிருள்ள சங்கையோ பவளத்தையோ தொட்டிக்கு எடுத்து வராதீர்கள். இந்தியாவில் பவளங்களும் சில சங்கு, சிப்பி இனங்களும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

கம்ப்யூட்டர் ஒரு நொடியில் பெயர் தரும். அந்தப் பெயர் இந்த நத்தைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் வேலை. அதற்கு ஐந்து படமும், ஒரு ஸ்கேலும், ஒரு ஷீட்டும் போதும். இன்று இரவு விளக்கை அணைத்த பின் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியைப் பாருங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும்.